ஃபிலெமோனி முகம் காட்டிய கதை

முகத்தில் அரைத்த பப்பாளி, தலையில் தேங்காய்ப்பால், கையில் போன். இந்தக் கோலத்தில் ஃபிலெமோனி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோது, கோழி ஒன்று ஜன்னல் கட்டையில் பறந்து ஏறி அவன் கன்னத்தைக் கொத்தியது.

"அசையாதே! இன்னும் காயலை" என்றாள் அக்கா லூபே.

"கொத்துதுக்கா!"

"கொத்தட்டும். ரத்த ஓட்டம் வரும். கன்னம் சிவக்கும்."

லூபே சொன்னால் சொன்னதுதான். எங்கள் சமோவாவில் அக்கா பேச்சை மீறிய தம்பி உருப்பட்டதாகத் தகவல் இல்லை. போதாக்குறைக்கு லூபே ஆக்லாந்துக்குப் போய் இரண்டு வாரம் அழகுக்கலை படித்துவிட்டு வந்தவள். திரும்பி வந்த மறுநாளே வீட்டு முன்னறையில் ஒரு சுழல் நாற்காலியும் ஒரு பெரிய கண்ணாடியும் போட்டு, 'லூபே அழகு நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டாள். புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தவை தலைக்குள் இடம் பிடித்ததில், பிறந்ததிலிருந்து அங்கே இருந்தவை சில வெளியேறிவிட்டன. அது அவளுக்கும் தெரியாது, நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியாது.

விவகாரம் இதுதான். ஃபிலெமோனிக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. கூடப் படித்த மசீனா ஆக்லாந்தில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் சில மாதங்களாக போனில் எழுதிக்கொள்கிறார்கள். மழை பெய்தால் எழுதுவான். மழை நின்றால் அவள் எழுதுவாள். அவள் எழுதாத நாளில் ஃபிலெமோனிக்குச் சோறு இறங்காது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சேப்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட பாலுசாமியை ஒரு கட்டுக் கட்டிவிட்டு, வயிறு கொடுத்த தைரியத்தில், 'மசீனா, என்னைக் கட்டிக்கச் சம்மதமா?' என்று அடித்து அனுப்பிவிட்டான். அனுப்பிய கையோடு போனைத் தலையணைக்கு அடியில் வைத்து, தலையணைமேல் உட்கார்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை காலையில் பதில் வந்தது. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரே ஒரு படம், மசீனாவின் முகம்.

சம்மதமா என்று கேட்டால் ஆமாம் என்று வரலாம், இல்லை என்று வரலாம். படம் வந்தால் மனிதன் என்னதான் செய்வான்? போனைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினான்.

லூபே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"வெளிச்சத்தைப் பாரு. ஜன்னலுக்கு நேரா நின்னு எடுத்திருக்கா. போனைக் கண்ணுக்கு மேல புடிச்சிருக்கா. தாடையை இறக்கி, புருவத்தைத் தூக்கி, பல்லு தெரியாமச் சிரிக்கிறா. மூக்குல பொட்டு எண்ணெய் இல்ல. விவரமானவதான்டா."

"அது இருக்கட்டும்க்கா, பதில்?"

"இதான் பதில். 'என் மூஞ்சியை நான் காட்டிட்டேன், உன் மூஞ்சியை நீ காட்டு, அப்புறம் யோசிக்கிறேன்'னு அர்த்தம். சின்னப் புள்ளையில பார்த்தவன். இப்ப எப்படி இருக்கானோன்னு அவளுக்கு இருக்காதா?"

"இப்ப நான் எப்படிக்கா இருக்கேன்?"

லூபே தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பப்பாளி பறிச்சுட்டு வா" என்றாள்.

பப்பாளி காய்ந்து, கோழி விரட்டப்பட்டு, தாடி வழிக்கப்பட்டு, மூக்கு எண்ணெய் காகிதத்தால் ஒற்றி எடுக்கப்பட்ட பிறகு படம் எடுக்கும் படலம் ஆரம்பமானது. முதலில் எடுத்த படங்களில் மூடுபனிக்குள் ஏதோ ஓர் உருவம் நின்றது. போன் லென்ஸில் வாழைக்காய் பொரித்த எண்ணெய் விரல் தடிமனுக்கு இருந்ததை அப்புறம்தான் பார்த்தார்கள். லென்ஸைத் துடைத்து எடுத்தபோது முகம் தெளிவாக விழுந்தது. அதற்கு மூடுபனியே தேவலையாக இருந்தது.

"கண்ணு எங்கடா?" என்றாள் லூபே.

"இருக்குக்கா. உள்ள."

"உள்ள இருந்து யாருக்குப் பிரயோசனம்? புருவத்தைத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங், இப்பத்தான் கண்ணு வெளிய வந்திருக்கு! அப்படியே இரு."

ஒரு நொடி இருந்தான். அப்புறம் புருவம் பழையபடி இறங்கிவிட்டது.

"சதைக்குப் பழக்கமில்ல. நாள் முழுக்கப் பழகு. தாடை கீழ, புருவம் மேல, வாய் மூடின சிரிப்பு. தானா வர்ற வரைக்கும் படம் அனுப்பாதே. முதல் படம் சொதப்பிட்டா அவளை மறந்துட வேண்டியதுதான்."

கடைசி வாக்கியம் ஃபிலெமோனியின் நெஞ்சில் போய்த் தைத்தது.

முலிஃபானுவா துறையில், சவாயித் தீவுக்குப் போகிற கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுன்டரில் அவனுக்கு வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்து, அதில் தன் முகத்தைப் பார்த்தபடியே வேலையை ஆரம்பித்தான். தாடை கீழே. புருவம் மேலே. வாய் மூடிய சிரிப்பு.

பூப்போட்ட உடையும் ஓலைத் தொப்பியுமாக ஒரு பருத்த அம்மாள் ஜன்னல் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் ஃபிலெமோனியா?"

புருவம் மேலே போனது.

அந்த அம்மாள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, நீளமாக எதையோ கேட்டார். அதே நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. சங்கு ஓய்ந்தபோது அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். ஃபிலெமோனியின் பார்வை போத்தல் பக்கம் இருந்தது. புருவம் இன்னொரு முறை போனது, இந்தத் தடவை நன்றாகவே போனது.

அம்மாளின் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் ஓட்டைக்குள் கையை விட்டு அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு, டிக்கெட்கூட வாங்காமல் போய்விட்டார்.

பப்பாளி வேலை செய்கிறது என்று ஃபிலெமோனி முடிவு செய்தான்.

மாலை வெயில் முகத்துக்கு நல்லது என்பது லூபேயின் அடுத்த பாடம். புதன்கிழமை வேலை முடிந்து, பஸ் நிறுத்தத்தில் வெயிலைப் பார்க்க நின்று, போனை உயர்த்திப் பழகிக்கொண்டிருந்தான். சவாயியிலிருந்து அடிக்கடி வந்துபோகிற செமிசி அண்ணன் எதிர்ப்பக்கமிருந்து கத்தினார்.

"மோனி! பத்துப் போதுமா?"

வாய் மூடிய சிரிப்பில் இருப்பவன் எப்படி வாயைத் திறப்பான்? புருவம்தான் போனது.

"சரி, பத்து!" என்று கையைக் காட்டிவிட்டு செமிசி கப்பலைப் பிடிக்க ஓடினார்.

எது பத்து என்று கேட்க ஃபிலெமோனிக்குத் தோன்றியபோது செமிசி கப்பலில் ஏறியிருந்தார். ஏதோ ஒரு பத்து என்று விட்டுவிட்டான்.

வியாழக்கிழமைதான் வெடித்தது. கப்பலின் கீழ்த்தளத்தில் லாரிகளுக்கு இடம் கொஞ்சம்தான். காலையிலிருந்து ஒவ்வொரு டிரைவராக வந்து "லாரிக்கு இடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் திருப்தியாகவே போனார்கள். கப்பல் வந்தபோது லாரி வரிசை துறையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. முன்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்க, பின்னால் நிற்கிறவன் இறங்கிச் சண்டைக்கு வர, சேப்பங்கிழங்கு மூட்டைகள் ரோட்டில் உருண்டன.

மேற்பார்வையாளர் அலேசானா கவுன்டருக்குள் புயலாக நுழைந்தார்.

"அத்தனை பேருக்கும் சரின்னு சொன்னவன் எவன்?"

"நான் வாயே திறக்கலைங்க!"

"வாயை எவன்டா கேட்டான்? புருவம்! உன் புருவம்! காலையிலேர்ந்து ஏறி இறங்கிட்டே இருந்திச்சாமே!"

ஃபிலெமோனிக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் சரி என்று சொல்ல யாரும் வாயைச் சிரமப்படுத்துவதில்லை. புருவம் ஒருமுறை மேலே போய் வந்தால் போதும். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஆக்லாந்து அழகுக்கலை தலைக்குள் புகுந்ததில் அக்காவுக்கும் மறந்துபோயிற்று, அக்கா சொன்ன மும்முரத்தில் தம்பிக்கும் மறந்துபோயிற்று.

"அய்யோ, பத்து!" என்றான் ஃபிலெமோனி.

"என்ன பத்து?"

"செமிசி அண்ணன் பத்துப் போதுமான்னு கேட்டாரு. நான் தூக்கிட்டேன். அவரு என்னங்க விக்கிறாரு?"

அலேசானாவின் கோபம் கொஞ்சம் தணிந்து, முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது.

"பன்னி" என்றார்.

பத்துப் பன்றி! ஒரு பன்றிக்கே வழியில்லாத வீடு அது. ஆனாலும் தூக்கின புருவத்தை இல்லையென்று சொன்ன ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு என்று கேட்கலாமா என்றால், அதுவும் முடியாது. யாரோ சாகிறார்கள், யாரோ கட்டிக்கொள்கிறார்கள், யாருக்கோ பட்டம் சூட்டுகிறார்கள். உன் பங்கு இவ்வளவு என்றால் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரவேண்டும். யாருக்கு என்று கேட்கிறவனைக் கருமி என்பார்கள்.

"இன்னொரு தடவை அந்தப் புருவம் அசைஞ்சிது, கவுன்டர் பக்கம் வந்துடாத" என்றார் அலேசானா.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னான். லூபே அசரவில்லை. படித்தவள் அசரமாட்டாள்.

"தப்பு டெக்னிக்ல இல்ல. உன் புருவத்துல இருக்கு. புதர் மாதிரி இருந்தா ஒரு மைலுக்கு அந்தப் பக்கம்கூட அசையறது தெரியத்தான் செய்யும். ஓரத்தை மட்டும் கொஞ்சம் எடுத்துடறேன். தூக்காமலே தூக்கின மாதிரி இருக்கும். மெழுகு போட்டா ஒரு நிமிஷம்."

"வலிக்குமாக்கா?"

"அழகா இருக்கணும்னா கொஞ்சம் வலிக்கும்."

சூடான மெழுகைத் தடவி, துணியை ஒட்டி, வெடுக்கென்று இழுத்தாள். ஃபிலெமோனி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லூபே துணியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்தையும் இதுக்குச் சமமா எடுத்துடலாம்."

சமமாகத்தான் எடுத்தாள். அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரு மயிர்கூட மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை கவுன்டரில் புதுக் கூத்து. டிக்கெட் இருக்கா என்று கேட்டவர்கள் அவன் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எதுவும் தெரியவில்லை. வரிசை நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஃபிலெமோனி வாயைத் திறந்தான்.

"சரி. இருக்கு."

கேட்டவர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"எதுக்கு வாயால சொல்ற?"

"சும்மாத்தான்."

"கப்பல்ல ஏதாவது கோளாறா?"

"இல்லைங்க! சத்தியமா இல்லைங்க!"

"பாரு, சத்தியம் வேற பண்றான்!"

அந்தச் சேதி வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் கப்பலில் ஏறியிருந்தவர்களில் பாதிப்பேர் மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். நேற்று இடமில்லாமல் தவித்த கப்பல் இன்று காற்றாடப் போனது. அலேசானா திட்டவில்லை. ஃபிலெமோனியின் தோளில் கையைப் போட்டு, நிதானமாக வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டுக்குப் போப்பா. முளைச்சதும் வா."

இத்தனைக்கும் நடுவில் மசீனாவுக்கு இன்னும் படம் போகவில்லை. அதுதான் அவனைத் தின்றது. வேலை போனாலும் வேறு வேலை உண்டு. மழை நின்றதைச் சொல்ல இன்னொரு மசீனா உண்டா? போனை எடுத்து எழுதப் பார்ப்பான். படம் கேட்டவளுக்கு வார்த்தையை அனுப்பினால் ஏமாற்றுகிறான் என்று நினைத்துவிடுவாளோ என்று வைத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லூபே புருவம் வரையும் பென்சிலோடு வந்தாள்.

"கோயிலுக்கு இப்படிப் போனா எனக்குத்தான் அசிங்கம். 'லூபே தம்பியைப் பாரு'ம்பாங்க. திரும்பு."

வரைந்தாள். வரைவதுதான் வரைகிறோம், படத்துக்கும் ஆகட்டும் என்று நல்ல உயரத்தில், வில்லாக வளைத்து வரைந்தாள். ஃபிலெமோனி கண்ணாடியில் பார்த்தான்.

"அக்கா, இது எப்பவுமே தூக்கினபடியே இருக்கேக்கா!"

"அழகா இருக்கா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா..."

"அப்ப வாயை மூடு."

கோயிலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். பிரசங்கம் முடிந்ததும் போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக அந்தத் தூணைப் பார்த்தார்.

"நம்ம ஃபிலெமோனி எங்க? ஆ, அங்க இருக்கான். தம்பி, வர்ற சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே சவாயிலேர்ந்து பாடகர் குழு மொத்தமும் வருது. உங்க வீட்லயே தங்கிக்கட்டுமா?"

ஃபிலெமோனி நெற்றியில் ஒரு சதைகூட அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டைகளும் வெள்ளைத் தொப்பிகளும் ஒன்றாகத் திரும்பி அவனைப் பார்த்தன. லூபே வரைந்த புருவங்கள் இரண்டும் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"இவ்வளவு சந்தோஷமாச் சரி சொன்னவனை நான் பார்த்ததே இல்ல!" என்றார் போதகர். கோயிலே கைதட்டியது.

வேர்த்துக் கொட்டியது. வலது புருவம் கரைந்து கன்னத்தில் இறங்க ஆரம்பித்தது. போதகரின் மனைவி பக்கத்திலிருந்தவளிடம், "வெக்கத்துல மூஞ்சி கறுத்துப்போச்சு பாரு, பாவம்" என்றாள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது என்று ஃபிலெமோனிக்குப் புரியவில்லை. வாயைத் திறந்து பேசவும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மசீனாவிடமிருந்து செய்தி வந்தது.

'அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. இப்பவாவது உன் மூஞ்சியைக் காட்டக் கூடாதா? வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்துல வர்றேன்.'

ஃபிலெமோனி மூன்று முறை படித்தான். எல்லாத்தையும் சொன்னாங்க! எல்லாம் என்றால்? லாரியா? பன்றியா? மெழுகா? அவள் அம்மா இருக்கிற சவாயிவரைக்கும் தன் மானம் கப்பலேறிவிட்டது. அங்கிருந்து விமானம் ஏறி ஆக்லாந்துக்கும் போய்விட்டது. இவள் நேரில் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறாள்.

"அக்கா, நான் ஓடிடறேன்" என்றான்.

"எங்க ஓடுவ?"

"சவாயிக்கு. மாமா வீட்ல இருந்துக்கறேன், முளைக்கிற வரைக்கும்."

"விளக்கெண்ணெய் தடவு, சீக்கிரம் முளைக்கும்" என்றாள் லூபே. அதுவும் அவள் படித்ததுதான்.

விளக்கெண்ணெய் தடவியதில் முகம் பளபளத்தது. புருவம் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பையோடு ஃபிலெமோனி துறையில் நின்றான். அவனுக்கு டிக்கெட் கொடுத்த அலேசானா முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "இன்னிக்கா கிளம்புற?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். ஃபிலெமோனி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தான். பதில் சொல்ல அவனிடம் புருவமும் இல்லை.

கப்பல் வந்து பாலத்தை இறக்கியது. முதலில் ஒரு லாரி வந்தது. அதில் நெய்த பாய்கள் மலையாகக் குவிந்திருந்தன. அடுத்த லாரி நிறைய ஆட்கள், ஒரே மாதிரிச் சட்டையில், பாடிக்கொண்டே. பாடகர் குழு! ஃபிலெமோனி தொப்பியை இன்னும் கீழே இழுத்தான். மூன்றாவது லாரி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. பத்துப் பன்றிகள் சேர்ந்து போட்ட சத்தம்.

லாரி அவன் பக்கத்தில் வந்து நின்றது. செமிசி அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"மோனி! இது என்ன வேஷம்? எங்க கிளம்பிட்ட? ஏறு வண்டில, வீட்ல இறக்கணும்."

ஃபிலெமோனி அதற்குமேல் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினான், தொப்பியைக் கழற்றினான். அந்த மொழுமொழு நெற்றியைப் பார்த்த செமிசி லாரி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"அண்ணே, எனக்குப் பன்னி வேணாம். யாரு வீட்டு விசேஷம்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க கேட்டப்ப நான் சரின்னு சொல்லலை. செல்ஃபிக்குப் பழகிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"ஒரு பொண்ணுக்கு அனுப்பணும்ண்ணே. கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டேன். அவ ஒரு வார்த்தை சொல்லலை. அவ படத்தை மட்டும் அனுப்பினா. நானும் திருப்பி நல்லதா ஒண்ணு அனுப்பணும்னு அக்கா சொன்னா. அதுக்காகப் புருவத்தைத் தூக்கித் தூக்கி... வேலை போச்சு, புருவம் போச்சு, ஊரு சிரிக்குது. அவளும் போயிட்டா. அவ இல்லாம எனக்கு என்னண்ணே இருக்கு?"

சொல்லும்போதே அழுதுவிட்டான். பன்றிகள்கூடக் கொஞ்சம் அடங்கின.

செமிசி இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"படத்தைக் காட்டு."

ஃபிலெமோனி போனைக் கொடுத்தான். செமிசி தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தையோ தாடையையோ மூக்கையோ அவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறி, இன்ஜினைக் கிளப்பினார்.

"அட மண்டு, அவதான் திங்கக்கிழமையே புருவத்தைத் தூக்கிட்டாளே! செவ்வாக்கிழமை உன் மாமியாரு கவுன்டருக்கே வந்து கேட்டதுக்கு நீயும் தூக்கிட்ட. பின்ன இந்தப் பன்னியெல்லாம் யாரு கல்யாணத்துக்குன்னுடா நெனச்ச?"